வலங்கைமான் வீட்டு ஆங்கிலம்

எமது சஞ்சிகையில் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் அறிஞர் சித்திலெப்பையைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் டீ. பீ. ஜாயாவைப் பற்றி எழுதுவார். எழுதத்தான் வேண்டும். 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று வாதாடியவர் முன்னவர். 1921 முதல் 1948 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து அதைச் செய்து காட்டியவர் பின்னவர். இவ்வருடம் நானும் இவர்களில் ஒருவரைப் பற்றியே எழுதுவதாக இருந்தேன். ஒரு தொலைபேசி அழைப்பு என்னை வேறொருவரிடம் கொண்டுபோய் விட்டது.

எங்கள் வீடு கிராண்ட்பாஸில். வாப்பா பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் எடைக்கு வாங்கி விற்கிறார். சென்ற வருடம் ஒரு பெரிய கம்பனியிலிருந்து அவருக்கு ஒரு பில் வரவேண்டி இருந்தது. அங்கே ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள் என்பதால், உயர்தரம் படிக்கும் மகள் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது என்று என்னிடம் போனைத் தந்தார். இன்றைக்கே பில் எனக்கு வேண்டும் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிச் சொன்னேன். பொக்ஸ் என்ற சொல்லைப் போக்ஸ் என்று நீட்டியும் சொல்லிவிட்டேன். மறுமுனையில் இருந்த பெண்மணி ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று ஆரம்பித்து, பில் இன்னும் தயாராகவில்லை என்றார். அவருக்குப் பயமாக இருக்கிறதாம் என்று விளங்கிக்கொண்ட நான், பயப்பட வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவருடைய சிரிப்பு அல்ல, பலருடையது. ஆங்கிலம் தெரிந்த யாராவது இருந்தால் போனைக் கொடுக்கும்படி சொன்னார்கள். வாப்பா பக்கத்திலேயே நின்றார்.

மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஒரு மறுப்பைச் சொல்லுமுன் ஆங்கிலேயர் அந்தச் சொற்றொடரை வைப்பார்கள் என்பதும், அதில் பயத்துக்கு வேலையே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதற்குப் பிறகு ஏறக்குறைய நான்கு மாதம் வகுப்பில்கூட நான் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

எங்கள் நாட்டில் ஆங்கில உச்சரிப்பு என்பது சும்மா விஷயம் அல்ல. ஒகரத்தையும் ஓகாரத்தையும் மாற்றிச் சொல்பவர்களின் பேச்சுக்கு ‘நொட் பொட் இங்கிலிஸ்’ என்று ஒரு பட்டமே உண்டு. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பெயர் ‘கடுவ’. வாள் என்று பொருள். ஆளை வெட்டி வீழ்த்துவதால் அந்தப் பெயர். என் நானா புறக்கோட்டையில் வேலை செய்கிறார். அவருடைய கருத்து வேறு. விஷயம் விளங்கினால் போதும், வெள்ளைக்காரன் போல நாக்கை வளைப்பது அடிமைப் புத்தி என்பார்.

இந்த நிலையில்தான் வாப்பாவின் கடைக்கு எடைக்கு வந்த கட்டு ஒன்றில் அட்டை கிழிந்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அது வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி என்பவருடைய வாழ்க்கை வரலாறு. ஆங்கில ஆசிரியையிடம் காட்டியபோது, தன் காலத்தில் ஆங்கிலத்தை ஆங்கிலேயரைவிட நன்றாகப் பேசினார் என்று ஆங்கிலேயராலேயே சொல்லப்பட்ட தமிழர் இவர் என்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன்.

வலங்கைமான் சங்கரநாராயண ஸ்ரீநிவாச சாஸ்திரி 1869 செப்டெம்பர் 22 ஆம் திகதி பிறந்தார். வலங்கைமான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். ஏழைப் புரோகிதக் குடும்பம். வீட்டில் சமஸ்கிருதம் ஓதுவார்கள், தமிழ் பேசுவார்கள். ஆங்கிலம் பேசும் ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்குள்ள அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றார். பிறகு மாயவரத்தில் ஆசிரியர் வேலை. 1894 இல் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அப்போது வயது இருபத்தைந்துதான். திருவல்லிக்கேணி என்றால் நம்மவர்களுக்கு வாலாஜா பெரிய பள்ளிவாசல் ஞாபகம் வரும். அந்தத் தெருக்களில்தான் அவர் வருடக்கணக்காக ஆங்கிலம் கற்பித்தார். 1904 இல் அங்கே தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியவர்களிலும் அவர் ஒருவர்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. அவர் முதன்முதலாக இங்கிலாந்துக்குப் போனது 1919 இல். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதாவது பின்னாளில் லண்டன்காரர்கள் வியந்து கேட்ட அந்த ஆங்கிலம் லண்டனில் பழகியது அல்ல. காவேரிக் கரையிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்துகொண்டே பழகியது. அப்போது வானொலி கிடையாது. யூடியூப் கிடையாது. புத்தகமும் அகராதியும் ஆசிரியர்களின் வாயும் மட்டும்தான்.

எப்படி முடிந்தது? ஒரு சொல்லின் உச்சரிப்பிலும் அதன் பொருள் நுணுக்கத்திலும் அவர் காட்டிய பிடிவாதம் பேர்போனது. ஆனால் பிடிவாதம் மட்டும் போதாது, காதும் வேண்டும். அந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கென்று ஓர் ஊகம் இருக்கிறது. வேதம் ஓதுபவர்கள் ஒலிப்புக்கென்றே ஒரு தனிப் பாடம் படிப்பார்கள். அதற்குச் சிக்ஷை என்று பெயர். எந்த எழுத்து வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது, எதை உயர்த்திச் சொல்வது, எதைத் தாழ்த்திச் சொல்வது, எதை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். ஒலி பிசகினால் பொருள் பிசகும் என்று நம்பும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்தின் ஒலிகளை வேறுவேறாகக் கேட்பது சிரமமாக இருந்திருக்காது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் குர்ஆன் மத்ரஸாதான் ஞாபகம் வந்தது. நம்மில் யார் தஜ்வீத் படிக்கவில்லை? ஐந்து வயதிலேயே மக்ரஜ் என்ற சொல் நமக்குத் தெரியும். எழுத்து வெளிவரும் இடம். அரபு வரிசையில் நான்காம் எழுத்தைச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொட, மூச்சு மட்டும் வெளியே வரும். ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலி அதுதான். ஒன்பதாம் எழுத்தைச் சொல்லுங்கள். அதே இடம்தான், ஆனால் தொண்டை அதிரும். ‘திஸ்’ என்ற சொல்லின் முதல் ஒலி அது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘தி’. தமிழில் எழுதி வைத்துப் படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. ‘ஃபா’ சொல்லும்போது மேற்பல் கீழுதட்டின் உட்புறத்தைத் தொடுமல்லவா? அந்த இடத்தில் பல்லை வைத்துக்கொண்டு குரலையும் சேர்த்தால் ஆங்கிலத்தின் ‘வெரி’ கிடைக்கும். ‘வாவ்’ எழுத்துக்கு இதழ்களைக் குவிப்போம், பல் படாது. அது ‘வின்டோ’. இலங்கையில் அநேகம் பேர் இவ்விரண்டையும் பிரிக்காமல் பேசுகிறோம். ஓதும்போது பிரிக்கத் தெரிந்த வாய்தான், ஆங்கிலம் பேசும்போது மறந்துவிடுகிறது. மௌலவி கண்டித்துத் திருத்தியபோது நாங்கள் அவமானப்பட்டதில்லை. திருத்திக்கொண்டு அடுத்த ஆயத்துக்குப் போனோம். ஆங்கிலத்தில் திருத்தினால் மட்டும் ஏன் அழுகை வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். மத்ரஸாவில் திருத்துபவர் சிரிப்பதில்லை.

அரபியில் இல்லாத சிக்கலும் ஆங்கிலத்தில் உண்டு. அது சொல்லழுத்தம். ‘ரெக்கோட்’ என்பது பெயர்ச்சொல்லானால் முதலசையை அழுத்த வேண்டும், வினைச்சொல்லானால் இரண்டாமசையை. போட்டோகிராஃப் என்பதில் முதலசைக்குள்ள பலம், ஃபொட்டோகிராஃபி என்னும்போது இரண்டாமசைக்குப் போய்விடும். தமிழில் நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்லிப் பழகியவர்கள். ஆகவே ஒலிகளெல்லாம் சரியாக இருந்தாலும் கேட்பவருக்குச் சொல் பிடிபடாமல் போகும். சாஸ்திரியாரின் பேச்சைக் கேட்டவர்கள் அவருடைய குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். உரத்துப் பேசாமலே மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்குமாம்.

1905 இல் கோபால கிருஷ்ண கோகலே பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர்பவர்கள் சொற்ப உதவித்தொகையை மட்டும் பெற்றுக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நாட்டுக்கு உழைக்க வேண்டும். 1907 இல் சாஸ்திரியார் தலைமையாசிரியர் வாழ்க்கையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். 1915 இல் கோகலே காலமானபோது அடுத்த தலைவர் இவர்தான். சென்னைச் சட்டசபை, பிறகு டில்லிச் சட்டசபை என்று பதவிகள் வந்தன. 1921 இல் லண்டனில் நடந்த ஏகாதிபத்திய மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் போனார். அதே ஆண்டில் மன்னரின் பிரிவி கவுன்சில் உறுப்பினராக்கப்பட்டார். அதனால்தான் தமிழர்கள் அவரை மகாகனம் சாஸ்திரியார் என்று அழைத்தார்கள். லண்டன் நகரம் தன் கௌரவக் குடியுரிமையை வழங்கியது. ஒக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரித் தலைவர், ஆங்கிலம் இவ்வளவு அழகான மொழி என்பது இவர் பேசக் கேட்ட பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்று சொன்னாராம். ‘வெள்ளி நாவினர்’ என்று பட்டம் வந்தது.

இந்த இடத்தில் நானா குறுக்கிட்டார். வெள்ளைக்காரன் பாராட்டினால் அவன் வெள்ளைக்காரனுடைய ஆள் என்றுதானே அர்த்தம் என்றார். நான் 1919 ஆம் ஆண்டைச் சொன்னேன்.

அந்த வருடம் பெப்ரவரியில் ரௌலட் மசோதா சட்டசபைக்கு வந்தது. விசாரணையில்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்க அரசுக்கு அதிகாரம் தரும் சட்டம். சாஸ்திரியார் எழுந்து அதை எதிர்த்துப் பேசினார். வைஸ்ராய் முன்னாலேயே, ஒரு மரியாதைச் சொல்லும் குறையாமல், இந்தச் சட்டம் நாட்டில் என்ன நெருப்பை மூட்டும் என்று எச்சரித்தார். காந்தி தம் வாழ்நாளில் இந்தியச் சட்டசபைக்குப் பார்வையாளராகப் போனது அந்த ஒரு முறைதான். அந்தக் காட்சியைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வைஸ்ராய் கண் எடுக்காமல் சாஸ்திரியாரையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், அந்தப் பேச்சு மனத்தைத் தொட்டுத்தான் இருக்க வேண்டும் என்று தமக்கு ஒரு கணம் தோன்றியதாகவும் சொல்கிறார். ஆனால் உறங்குபவனை எழுப்பலாம், உறங்குவதாகப் பாசாங்கு செய்பவனை எழுப்ப முடியாது என்பதே காந்தி அதில் கண்டது. மார்ச் மாதம் சட்டம் நிறைவேறியது. ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்.

அப்படியானால் அவ்வளவு நல்ல ஆங்கிலத்தால் என்ன பயன் என்று நானா கேட்டார். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் வேறு வேலை செய்ய விடவில்லை.

சில இடங்களில் பயன் இருந்தது. 1922 இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றுக்கும் போனார். அங்கே குடியிருக்கும் இந்தியர்களுக்கும் மற்றவர்களைப் போல உரிமை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். மூன்று வருடம் கழித்து, 1925 இல், அவுஸ்திரேலியா தன் நாட்டில் குடியிருந்த பிரிட்டிஷ் இந்தியர்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை கொடுத்தது. கென்யாவில் தோல்வி. அங்குள்ள இந்தியர்களின் உரிமைக்காக 1923 இல் லண்டனில் வாதாடினார். வெள்ளைக் குடியேறிகளுக்கே மேட்டுநிலம் என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. மனிதர் மிகவும் மனமுடைந்து போனார்.

1927 இல் இந்திய அரசின் முதல் ஏஜன்டாகத் தென்னாபிரிக்கா போனார். ஒரு நாட்டுக்கு இன்னொரு நாடு தூதர் அனுப்புவது போலத்தான் அது. இந்தியரைக் கூலிகள் என்று அழைத்துப் பழகிய வெள்ளையர், இந்த மனிதரின் ஆங்கிலத்தைக் கேட்க மண்டபங்களை நிறைத்தார்கள். எல்லாரும் அப்படி அல்ல. கிளார்க்ஸ்டோர்ப் என்ற ஊரில் வெள்ளையர் கும்பல் ஒன்று அவருடைய கூட்டத்தைக் குழப்பியது. அவர் அங்கு விட்டுவந்தது ஒரு பாடசாலையை. இந்தியப் பிள்ளைகள் உயர்தரம் படிக்கவும் ஆசிரியப் பயிற்சி பெறவும் வசதி இல்லாதிருந்த டர்பன் நகரில், அங்குள்ள இந்தியர்களிடமே பணம் திரட்டினார். 1929 இல் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. அவர் தாமே முன்னாள் பள்ளி ஆசிரியர். எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பேச்சுக்குக் கை தட்டிவிட்டு மறந்துபோவார்கள். பாடசாலையை அவ்வளவு எளிதில் மறக்க முடியாது.

1928 இல் அரசு ‘சேர்’ பட்டம் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். இதை நானாவிடம் நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

அவருடைய மரியாதையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மரியாதை எப்படி வருகிறது என்பது எனக்கு நீண்ட நாள் விளங்கவில்லை. தமிழில் அது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. தா என்றால் ஒன்று, தாங்க என்றால் வேறொன்று, தாங்களேன் என்றால் இன்னும் இளகியது. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. நீயும் நீங்களும் ஒரே ‘யூ’. ஆகவே அவர்கள் மரியாதையை வேறிடத்தில் வைத்தார்கள். ‘கிவ் மீ’ என்றால் கட்டளை. முன்னால் ‘ப்ளீஸ்’ சேர்த்தாலும் அது கட்டளைதான், சற்று இனிப்புத் தடவிய கட்டளை. ‘குட் யூ’ என்று தொடங்கினால்தான் அது வேண்டுகோளாகும். தருவதும் தராததும் உங்கள் விருப்பம் என்று கேட்கப்படுபவருக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிறோம். ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவந்தான் ‘குட்’. இறந்தகாலம் எதற்கு என்று முதலில் யோசித்தேன். பிறகு என் உம்மா அடுத்த வீட்டில் கறிவேப்பிலை கேட்பது ஞாபகம் வந்தது. கொஞ்சம் கறிவேப்பிலை தந்தீங்கண்டா நல்லம் என்பார். இன்னும் தரவே இல்லை, ஆனால் ‘தந்தீங்க’ என்கிறார். நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். அந்தக் ‘கொஞ்சம்’ கறிவேப்பிலையின் அளவைக் குறிப்பதும் அல்ல. அதுதான் நம்முடைய ‘ப்ளீஸ்’. ‘தயவுசெய்து’ என்பது பெயர்ப் பலகைகளில் மட்டும் வாழும் சொல். உம்மா அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொலைபேசியில் நான் செய்த பிழை இலக்கணப் பிழை அல்ல. என் வாக்கியத்தில் எழுவாய் பயனிலை எல்லாம் இருந்தன. கதவுதான் இல்லை.

சாஸ்திரியாரின் பேச்சுகளையும் கடிதங்களையும் பற்றி வாசிக்கும்போது, எதிராளிக்கு அந்தக் கதவை அவர் எப்போதும் திறந்து வைத்திருந்தது தெரிகிறது. மறுக்கும்போதும் ஆளை மறுக்கமாட்டார். காந்தியின் சத்தியாக்கிரகத்தை அவர் ஏற்கவில்லை. ஒத்துழையாமையையும் எதிர்த்தார். வெளிப்படையாகவே எழுதினார், பேசினார். இருந்தும் இருவரும் கடைசிவரை அண்ணன் தம்பி போல இருந்தார்கள். இருவரும் பிறந்தது 1869 இல்தான். சாஸ்திரியார் பத்து நாள் மூத்தவர், அவ்வளவுதான். காந்தி தம் சுயசரிதையைக் குஜராத்தியில் எழுதினார். மகாதேவ் தேசாய் அதை ஆங்கிலமாக்கினார். அந்த மொழிபெயர்ப்பின் ஆங்கிலத்தை மரியாதைக்குரிய நண்பர் ஒருவர் திருத்தித் தந்தார் என்றும், தம் பெயரை எங்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்த வேலையை ஏற்றார் என்றும் தேசாய் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த நண்பர் சாஸ்திரியார் என்பது பின்னர் தெரியவந்தது. உலகம் முழுவதும் வாசிக்கும் அந்தப் புத்தகத்தில் அவருடைய பெயர் திருத்தியவராக இல்லை. ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேசியவராக இருக்கிறது.

இனி மலாயா. இதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் கட்டுரை அழகாக முடிந்திருக்கும். 1936 இன் கடைசியில், மலாயாவின் றப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து வரும்படி இந்திய அரசு அவரை அனுப்பியது. அந்தத் தொழிலாளரில் பெரும்பாலானோர் தமிழர், அவருடைய சொந்தப் பக்கத்து ஆட்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் அவர்களுடைய கூலி குறைக்கப்பட்டிருந்தது. 1937 இல் அறிக்கை வந்தது. கூலியைப் பழைய 1928 மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதினார். ஆனால் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தத் தேவையில்லை என்றும் எழுதினார். மலாயா இந்தியர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். முதலாளிமாருக்கு மனம் நோகாத அறிக்கை என்று நினைத்தார்கள். அடுத்த வருடமே, 1938 இல், இந்திய அரசு மலாயாவுக்கு உதவி கொடுத்துத் தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்தது.

நம் மலைநாட்டுத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை வாசிக்க மனம் கனக்கும். நான் இதற்குச் சமாதானம் சொல்லப் போவதில்லை. எதிராளிக்குக் கதவைத் திறந்து வைத்துப் பழகியவர், கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கோபம் வேண்டியிருந்த இடத்திலும் மென்மையாகவே எழுதினாரோ என்று தோன்றுகிறது. ரௌலட் மசோதாவில் மரியாதையும் இருந்தது, மறுப்பும் இருந்தது. மலாயாவில் மறுப்பு குறைந்து போயிற்று. பிழை மரியாதையில் அல்ல என்பது என் எண்ணம். நானாவின் எண்ணம் வேறு.

1935 முதல் 1940 வரை சாஸ்திரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். எங்கள் சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அதே பல்கலைக்கழகம்தான், சாஸ்திரியார் வருவதற்குச் சில வருடம் முன்பு. 1940 இல் கலைச்சொற்கள் ஆக்குவதற்குச் சென்னை அரசு அமைத்த குழுவுக்கு அவரைத் தலைவராக்கியபோது, தமிழுக்குப் பதிலாகச் சமஸ்கிருதச் சொற்களைப் புகுத்திவிடுவார் என்று தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். ஆங்கிலச் சொல்லின் ஒலி பிசகக்கூடாது என்று இருந்தவர், தம் தாய்மொழிக்காரரின் சந்தேகத்துக்கு ஆளானது ஒரு வேடிக்கையான வேதனை.

கடைசிக் காலத்தில் மயிலாப்பூரில் இராமாயணம் பற்றி ஆங்கிலத்தில் தொடர் சொற்பொழிவுகள் செய்தார். உடல்நலம் குன்றிச் சென்னைப் பொது மருத்துவமனையில் இருந்தபோது, 1946 ஜனவரியில், சென்னைக்கு வந்திருந்த காந்தி அவரைப் போய்ப் பார்த்தார். நோயாளி உணர்ச்சிவசப்பட்டுப் பேசப் பேச, களைத்துப் போவார் என்று வந்தவருக்குக் கவலை. அதே வருடம் ஏப்ரல் 17 ஆம் திகதி சாஸ்திரியார் காலமானார். சுதந்திரம் வர இன்னும் பதினாறு மாதம் இருந்தது.

போன மாதம் வாப்பா மறுபடியும் போனைத் தந்தார். அதே கம்பனி, வேறொரு பில். இந்த முறை ‘குட் யூ’ என்று தொடங்கினேன். பொக்ஸ் என்பதைக் குறுக்கிச் சொன்னேன். குரல் நடுங்கியது. மறுமுனையில் ஓர் ஆண் பேசினார், சாதாரணமாகப் பதில் சொன்னார். அவருக்கு என்னை யாரென்றே தெரியாது. பில் தாமதமாகத்தான் வந்தது. ஏன் தாமதம் என்று திரும்பவும் எடுத்துக் கேட்டேன், மரியாதையாக. மூன்றாம் முறையும் கேட்டேன்.

இந்தக் கட்டுரையை நானாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். மலாயாப் பகுதியை இன்னும் கூட்டி எழுதச் சொன்னார். வலங்கைமான் பகுதியைக் கூட்டி எழுதலாமே என்றார் வாப்பா. இரண்டையும் கூட்டவில்லை. எதையும் குறைக்கவும் இல்லை.